தூண்டில் மின்னஞ்சல்: பறிபோன பணத்துக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: இணையவழிப் பணப் பரிமாற்ற மோசடிகளில் சிறிய தொகையை இழந்தவர்களுக்கு ரூ. 25 ஆயிரம் வரை ஈடு செய்யும் ஏற்பாடு ஒன்று கொண்டுவரப்படும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா 2026 பிப்ரவரியில் அறிவித்தார். தொகை பெரிதல்ல. ஆனால், நெடுநாளாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கேள்வி ஒன்று அந்த அறிவிப்பால் முன்னுக்கு வந்துள்ளது. வங்கியின் பெயரிலோ, பணப் பரிமாற்ற நிறுவனத்தின் பெயரிலோ வந்த போலி மின்னஞ்சலை நம்பித் தமது கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்ட ஒருவர், பணத்தைத் தாமாகவே தூக்கிக் கொடுத்தவரா, கொள்ளைக்கு ஆளானவரா?

இந்தியச் சட்டமும் வங்கி விதிகளும் இதுவரை பெரும்பாலும் முதலாவது பதிலின் பக்கமே சாய்ந்து வந்துள்ளன. 'ஃபிஷிங்' என்று கணினித் துறையினர் அழைக்கும் இந்தத் தூண்டில் மோசடியின் உண்மையான பலம், கணினி அறிவில் இல்லை. ஏமாந்தவரையே குற்றவாளிக் கூண்டில் நிற்க வைத்துவிடுவதில்தான் அது இருக்கிறது. பூட்டை உடைத்துத் திருடினால் திருடன்மீது பழி. சாவியை ஏமாற்றி வாங்கித் திருடினால் சாவி கொடுத்தவர்மீது பழி.

தூத்துக்குடி வழக்கு: இந்தப் பழியை ஏற்க மறுத்தவர்களில் முன்னோடி ஒரு தமிழர். வளைகுடா நாட்டில் பணிபுரிந்து வந்த அவருக்குத் தூத்துக்குடியில் ஒரு முன்னணித் தனியார் வங்கியில் கணக்கு இருந்தது. 2007 செப்டம்பரில் அந்த வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அனுப்பியதைப் போன்ற தோற்றத்துடன் ஒரு மின்னஞ்சல் வந்தது. கணக்கு விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று அது கேட்டது. அவரும் பதில் அனுப்பினார். சில நாள்களில் சுமார் ரூ. 6.46 லட்சம் கணக்கிலிருந்து வெளியேறியது. பணம் சென்று சேர்ந்தது வெளிநாட்டுக்கோ, கண்காணாத இடத்துக்கோ அல்ல; அதே வங்கியின் மும்பைக் கிளை ஒன்றில் இருந்த வேறொரு கணக்குக்கு. அங்கிருந்து அதில் பெரும்பகுதி ரொக்கமாகவே எடுக்கப்பட்டது.

கடவுச்சொல்லைக் கொடுத்தது வாடிக்கையாளரின் அலட்சியம் என்று வங்கி வாதிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தீர்ப்பு அதிகாரியாக இருந்த தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், 2010 ஏப்ரலில் அந்த வாதத்தை நிராகரித்தார். வங்கி உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறியது என்று கூறி, ரூ. 12.85 லட்சம் வழங்க உத்தரவிட்டார். இத்தகைய மோசடியில் ஒரு வங்கிக்கு எதிராக நாட்டில் பிறப்பிக்கப்பட்ட தொடக்ககால உத்தரவுகளில் இது முக்கியமானது.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. வங்கி தில்லியில் உள்ள இணையவெளி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. அத்தீர்ப்பாயத்தின் தலைவர் 2011 ஜூனில் ஓய்வு பெற்றார்; அதன் பிறகு அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. நாட்டை மின்மயமாக்கப் போவதாக ஆட்சிக்கு வந்த ஒவ்வொரு கூட்டணியும் முழங்கிய அதே ஆண்டுகளில், மின்வெளிக் குற்றங்களுக்கான ஒரே மேல்முறையீட்டு அமைப்புக்கு ஒரு தலைவரை நியமிக்க எவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் அது தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்துடன் இணைக்கப்பட்ட பிறகே வழக்குகள் நகர்ந்தன. தூத்துக்குடி வாடிக்கையாளருக்குச் சாதகமான முடிவு உறுதியானபோது 2019-ஆம் ஆண்டு பிறந்திருந்தது. ஒரு மின்னஞ்சலுக்கும் அதற்கான நீதிக்கும் இடையே 11 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

எழுத்தில் தொடங்கிய ஏமாற்று: பணப் பரிமாற்ற நிறுவனங்களின் பெயரைப் பயன்படுத்தும் வழக்கம், அந்த நிறுவனங்கள் தோன்றிய காலத்திலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் 'பே-பால்' நிறுவனத்தின் பெயரில் 2000-ஆம் ஆண்டிலேயே போலி இணையதளம் ஒன்று எழுந்தது. ஆங்கிலத்தின் சிறிய 'எல்' எழுத்துக்குப் பதிலாக, திரையில் அதைப் போலவே தெரியும் பெரிய 'ஐ' எழுத்தை அந்தப் பெயரின் கடைசியில் வைத்தார்கள், அவ்வளவுதான். இந்தியாவில் இதே காலகட்டத்தில் நாஸ்காம் அமைப்பின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பி விவரங்களைத் திரட்டியவர்கள்மீது தொடரப்பட்ட வழக்கில், தனிச் சட்டம் ஏதும் இல்லாதபோதும் இது சட்டவிரோதச் செயலே என்று 2005 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அடையாளத் திருட்டையும் ஆள்மாறாட்ட ஏமாற்றையும் தண்டிக்கும் 66சி, 66டி பிரிவுகள் 2008 திருத்தத்தில்தான் வந்தன. மூன்றாண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்பது அவற்றின் உச்ச தண்டனை.

எழுத்துப் பிழையைப் பாருங்கள், அனுப்பியவரின் முகவரியைப் பாருங்கள் என்பதே இன்றுவரை வங்கிகளும் அரசும் மக்களுக்குச் சொல்லிவரும் அறிவுரை. அறிவுரை தவறானது அன்று, காலாவதியாகிவிட்டது. அண்மை ஆண்டுகளில் பரவிய ஒரு முறையே இதற்குச் சான்று. மோசடிக்காரர் பே-பால் நிறுவனத்தில் முறைப்படி ஒரு கணக்கைத் தொடங்குகிறார். வணிகர்கள் பட்டியல் அனுப்புவதற்காக அந்நிறுவனம் அளித்துள்ள வசதியைப் பயன்படுத்தி, முன்பின் தெரியாத ஒருவருக்கு 'நீங்கள் வாங்கிய பொருளுக்கான தொகை' என்று பட்டியல் அனுப்புகிறார். அதன் குறிப்புப் பகுதியில், இந்தக் கொள்முதலைத் தாங்கள் செய்யவில்லையெனில் உடனே இந்த எண்ணை அழைக்கவும் என்று ஒரு தொலைபேசி எண் இருக்கும். மின்னஞ்சல் உண்மையிலேயே அந்நிறுவனத்தின் கணினியிலிருந்தே வருகிறது. முகவரியில் பிழையில்லை, எழுத்தில் பிழையில்லை, அஞ்சலின் மூலத்தைச் சோதிக்கும் மென்பொருளும் அதைத் தடுப்பதில்லை. பொய் என்று சொல்லத்தக்கது அந்தத் தொலைபேசி எண் ஒன்றுதான். பதறிப்போய் அழைப்பவரின் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் செய்து, அதன்பின் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள்.

அழைப்பை எடுப்பவர் எங்கிருப்பார் என்ற கேள்விக்கான பதில் தலைநகருக்குப் பெருமை தருவதாக இல்லை. வெளிநாட்டவரைக் குறிவைத்த போலி அழைப்பு மையங்கள் பல தில்லியை ஒட்டிய நொய்டா, குருகிராம் பகுதிகளிலும் கொல்கத்தாவிலும் பிடிபட்டுள்ளன. 2022 அக்டோபரில் சிபிஐ தொடங்கிய 'ஆபரேஷன் சக்ரா' நடவடிக்கையில் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பும் இணைந்திருந்தது. 2023-இல் நடந்த இரண்டாம் கட்டச் சோதனைகளுக்கு அமேசான், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களின் புகார்கள் காரணமாயின. ஆங்கிலம் பேசத் தெரிந்தும் நல்ல வேலை கிடைக்காத இளைஞர்கள் நிறைந்த நகரங்களில் இத்தொழில் வேரூன்றியது தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

2017 விதி: வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வரம்பு கட்டி ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கைதான் இந்த விவகாரத்தின் அச்சாணி. வங்கியின் குறைபாட்டால் இழப்பு நேர்ந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. இருவர்மீதும் தவறில்லாமல், வேறெங்கோ நேர்ந்த கசிவால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தாலும் பொறுப்பில்லை. நான்கு முதல் ஏழு நாள்களுக்குள் என்றால், கணக்கின் வகையைப் பொறுத்து வரம்புக்கு உட்பட்ட தொகை அவர் தலையில் விழும். பொறுப்பை நிரூபிக்கும் கடமையும் வங்கியுடையதே. படித்தால் தாராளமான விதியாகத்தான் தோன்றும்.

சிக்கல் மற்றொரு வாசகத்தில் இருக்கிறது. கடவுச்சொல் போன்ற விவரங்களைப் பகிர்ந்துகொண்டது உள்ளிட்ட அலட்சியத்தால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பையும் வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என்கிறது அது. தூண்டில் மோசடியில் விவரங்களைப் பகிராமல் எவரும் ஏமாறுவதில்லை. அதுதான் அந்த மோசடியின் இலக்கணமே. ஆகவே, இக்காலத்தின் மிகப் பரவலான திருட்டு வகை, பாதுகாப்பு விதியின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. 'ஓடிபி எண்ணைப் பகிர்ந்தீர்கள்' என்ற ஒற்றை வரிப் பதிலுடன் வங்கிக் கிளைகளில் புகார்கள் முடிக்கப்பட்டதற்கும், நிரூபிக்கும் கடமை தாளிலேயே தங்கிவிட்டதற்கும் இதுவே காரணம்.

நீதிமன்றங்கள் இந்த வாசகத்தை வேறுவிதமாகப் படிக்கத் தொடங்கியுள்ளன என்பது கவனிக்கத்தக்கது. 2021 ஏப்ரலில் கைப்பேசிக்கு வந்த ஓர் இணைப்பைத் தொட்டதால் ரூ. 2.60 லட்சத்தை இழந்த ஒருவர், பாரத ஸ்டேட் வங்கியும் குறைதீர்ப்பு அமைப்பும் கைவிட்ட நிலையில் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடினார். சம்பவம் நிகழ்ந்த உடனேயே அவர் வங்கிக்குத் தெரிவித்திருந்தும் வங்கி விரைந்து செயல்படவில்லை என்று கண்ட நீதிபதி தர்மேஷ் சர்மா, தொகையை 9 சதவீத வட்டியுடன் திருப்பித் தருமாறு 2024 நவம்பரில் உத்தரவிட்டார். குவாஹாட்டி உயர்நீதிமன்றத்திலிருந்து வந்த இன்னொரு வழக்கில், ஆயத்த ஆடை நிறுவனத்தின் சேவைப் பிரிவு என்று பேசியவரை நம்பிச் செயலி ஒன்றை நிறுவியதால் ரூ. 94 ஆயிரத்தை இழந்தவருக்கு ஆதரவான தீர்ப்பை எதிர்த்து அதே வங்கி உச்சநீதிமன்றம் வரை சென்றது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அடங்கிய அமர்வு 2025 ஜனவரி 3-ஆம் தேதி அதைத் தள்ளுபடி செய்தது. வாடிக்கையாளர்களும் விழிப்புடன் இருக்க வேண்டும் என்று சொன்ன அமர்வு, சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களைக் கண்டறியும் சிறந்த தொழில்நுட்பம் வங்கிகளிடம் இருப்பதையும் சுட்டிக்காட்டியது.

94 ஆயிரம் ரூபாய்க்காக ஓர் அரசுடைமை வங்கி உச்சநீதிமன்றத்தில் வாதாடச் செலவிட்ட தொகை எவ்வளவு என்று எந்த நாடாளுமன்ற உறுப்பினரும் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கக்கூடும்.

பணம் போகும் பாதை: வங்கிகள் சொல்லும் எதிர்வாதம் முற்றிலும் ஒதுக்கத்தக்கதன்று. இழப்பு முழுவதையும் வங்கிகள் ஈடுகட்டினால் வாடிக்கையாளர் கவனமாக இருக்க மாட்டார். ஏமாந்ததாக நடித்துப் பணம் பறிப்பவர்களும் கிளம்புவார்கள். அந்தச் சுமை இறுதியில் மற்ற வாடிக்கையாளர்கள்மீதே கட்டணமாக இறங்கும் என்கின்றன அவை. இதனுடன் வருவாய்க் கணக்கும் சேர்கிறது. யுபிஐ பரிமாற்றங்களுக்கு வணிகரிடம் கட்டணம் வசூலிப்பது 2020 ஜனவரி முதல் நிறுத்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டிய இந்த வலையமைப்பை, 2024-25 நிதியாண்டுக்கு மத்திய அரசு ஒதுக்கிய சுமார் ரூ. 1,500 கோடி ஊக்கத்தொகையைக் கொண்டு பாதுகாக்க முடியாது என்பது வங்கித் துறையின் மனக்குறை. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பை அறிவித்து, ரொக்கத்தை விட்டு மின்பணத்துக்கு வாருங்கள் என்று மக்களை அழைத்தது அரசு. வந்தவர்களின் பாதுகாப்புக்கு யார் செலவிடுவது என்பதை மட்டும் அது தெளிவாகச் சொல்லவில்லை.

ஆனால் வங்கிகளின் வாதம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. ஏமாற்று வேலை வாடிக்கையாளரின் மின்னஞ்சல் பெட்டியில் தொடங்கலாம். முடிவது ஒரு வங்கிக் கணக்கில். திருடிய பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒரு கணக்கு இல்லாவிட்டால் கடவுச்சொல்லால் பயனில்லை. அந்தக் கணக்கை, அடையாளச் சான்றுகளைச் சரிபார்த்ததாகச் சொல்லித் திறந்து கொடுத்தது இன்னொரு வங்கி. சில வேளைகளில், தூத்துக்குடி வழக்கைப் போல, அதே வங்கி. கூலிக்கு எடுக்கப்பட்ட ஏழைகளின் பெயரிலும், போலி ஆவணங்களின் பேரிலும் திறக்கப்படும் இந்த வாடகைக் கணக்குகள் 700-க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகளில் எட்டரை லட்சம் அளவுக்கு இருந்ததாக 2025 ஜூனில் சிபிஐ தெரிவித்தது. அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் தேதி, 'டிஜிட்டல் கைது' மோசடிகள் தொடர்பான வழக்கில், இத்தகைய கணக்குகளைத் திறக்க உடந்தையாக இருந்த வங்கி அலுவலர்களின் பங்கையும் விசாரிக்க சிபிஐக்கு உச்சநீதிமன்றம் முழு அதிகாரம் அளித்தது. கடவுச்சொல்லைக் கொடுத்தவரின் அலட்சியத்தை அளக்கத் தெரிந்த விதிகளுக்கு, கணக்கைக் கொடுத்தவரின் அலட்சியத்தை அளக்கத் தெரியவில்லை.

பிரிட்டன் இந்தக் கணக்கை நேராகவே தீர்த்துவிட்டது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவருக்கும் 85 ஆயிரம் பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அதில் பாதியைப் பணம் அனுப்பிய வங்கியும், மறுபாதியைப் பணத்தைப் பெற்ற வங்கியும் ஏற்க வேண்டும். பெருத்த அலட்சியம் நிரூபிக்கப்பட்டால் மட்டுமே விலக்கு உண்டு. சிங்கப்பூரின் பாதை வேறு. அங்கு 2021 டிசம்பரில் ஒரு பெரிய வங்கியின் பெயரில் வந்த குறுஞ்செய்திகளை நம்பி சுமார் 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தனர். செய்திகள், வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையில் வந்து நின்றதால் சந்தேகிக்க வழியில்லை. வங்கி நல்லெண்ண அடிப்படையில் இழப்பை ஈடு செய்தது. அந்த அனுபவத்திலிருந்து உருவாகி 2024 டிசம்பர் 16-இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டில், வங்கி தன் கடமையில் தவறியிருந்தால் இழப்பு வங்கிக்கு. வங்கி தவறாமல் தொலைபேசி நிறுவனம் தவறியிருந்தால் அதற்கு. இருவரும் தவறாதபோதுதான் வாடிக்கையாளருக்கு. இந்தியாவின் வரிசை இதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது.

தில்லியும் மும்பையும் கைகட்டி இருந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. போலி இணையதளங்களைத் தடுக்க, வங்கிகள் அனைத்தும் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட 'பேங்க்.இன்' என்ற முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி ஒன்றையே நம்பியிருக்காமல், பிற சரிபார்ப்பு முறைகளுக்கும் வழிசெய்யும் நெறிமுறைகளை 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-ஐ அமலாக்கத் தேதியாக அறிவித்தது. இந்நெறிமுறைகளைப் பின்பற்றாததால் இழப்பு நேர்ந்தால், மறுப்பேதும் கூறாமல் முழுத் தொகையையும் வங்கி ஈடுகட்ட வேண்டும் என்ற வாசகம் அதில் இருக்கிறது. 2017 சுற்றறிக்கையின் மொழியோடு ஒப்பிட்டால் இது புதிய குரல். உள்துறை அமைச்சகத்தின் 1930 உதவி எண்ணால், 2021 முதல் 2025-இன் நடுப்பகுதி வரை ரூ. 5,489 கோடி மோசடிக்காரர்களின் கைக்குப் போகாமல் தடுக்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. அதே அரசு அளித்த இன்னொரு பதிலின்படி, இணையவழிக் குற்றங்களில் மக்கள் இழந்த தொகை 2023-இல் ரூ. 7,465 கோடி, 2024-இல் ரூ. 22,845 கோடி. நான்காண்டுகளுக்கு மேலாகக் காப்பாற்றியது, ஓராண்டில் போனதில் கால்வாசிக்கும் குறைவு.

மோசடிக்காரருக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் கடைசியாக வாங்கிய பொருளும் எப்படித் தெரிந்தன என்ற கேள்விக்கும் இன்னும் சரியான பதிலில்லை. கசிந்த தரவுகளே இந்தத் தொழிலின் மூலப்பொருள். தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. எண்ணைக் கேட்டால் கடுமையான சட்டம் என்றே தோன்றும். ஆனால் அந்த அபராதம் சென்று சேர்வது இந்தியத் தொகுப்பு நிதிக்கு. தரவைக் காப்பதில் அலட்சியம் காட்டிய நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கே இழப்பீடு தர வேண்டும் என்று சொன்ன தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இதே சட்டம் வழி செய்துள்ளது. அதாவது, கசிவுக்கு நிறுவனம் பணம் கட்டும். அதை அரசு பெற்றுக்கொள்ளும். கசிந்த விவரத்தால் கணக்கைப் பறிகொடுத்தவர் கையில் ரசீதுகூட இருக்காது. இந்த மாற்றம் அவையில் எவ்வளவு குறைந்த விவாதத்துடன் கடந்துபோனது என்பதை நினைத்தால் வியப்புதான் மிஞ்சுகிறது. 2023 ஆகஸ்டில் மணிப்பூர் அமளிக்கு நடுவே நிறைவேறிய மசோதாக்களில் அதுவும் ஒன்று.

இந்தப் பின்னணியில்தான் 25 ஆயிரம் ரூபாய் யோசனையைப் பார்க்க வேண்டியுள்ளது. ஏமாந்தவருக்கும் ஈடு உண்டு என்ற கொள்கையை அது முதன்முறையாக ஒப்புக்கொள்கிறது. நூறு நாள் வேலைக் கூலியையும் முதியோர் ஓய்வூதியத்தையும் கணக்கில் வைத்திருக்கும் ஒருவருக்கு அத்தொகை போதுமானதாகவும் இருக்கலாம். தில்லி உயர்நீதிமன்றம் வரை சென்றவர் இழந்தது அதைப்போல் பத்து மடங்கு. தூத்துக்குடிக்காரர் இழந்தது, 2007-ஆம் ஆண்டின் மதிப்பிலேயே, இருபத்தைந்து மடங்குக்கும் மேல். ஈட்டுத்தொகையின் செலவைப் பணத்தைப் பெற்றுக்கொண்ட கணக்கின் வங்கியும் பகிர்ந்துகொள்ளுமா என்பதுதான் இறுதி விதிகளில் முதலில் தேடப்பட வேண்டிய வரி. அந்த வரி இல்லையெனில், வாடகைக் கணக்கு திறந்து கொடுக்கும் கிளைகளுக்கு 2007-இல் இருந்ததைவிட இப்போது கூடுதல் அச்சம் எதுவும் இருக்கப் போவதில்லை.